மரண அறிவித்தலும் காற்புள்ளியும்

நிறுத்தக்குறிகள் எப்போதும் கடைசியில்தான் வரும். புணர்ச்சி, வேற்றுமை, எச்சம், முற்று என்று எல்லாம் முடிந்து, தவணைப் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கையில், "சரி பிள்ளைகள், இதையும் எழுதிக்கொள்ளுங்கோ" என்று கரும்பலகையில் ஓர் அட்டவணை ஏறும். இடப்பக்கம் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி, மேற்கோட்குறி. வலப்பக்கம் அவை வரும் இடங்கள். பிள்ளைகள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, இரண்டு நிறப் பேனையால் எழுதி, பாடமாக்கி, கேட்டால் தடங்காமல் ஒப்புவிப்பார்கள். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால் முக்கால் பக்கத்துக்கு ஒரு புள்ளி இருக்காது.

திருகோணமலை நகரத்துக்குள் ஒரு பாடசாலையில் தரம் 10க்கும் 11க்கும் தமிழ் படிப்பிக்கிறேன். சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்திலிருந்து பஸ்சில் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாலம் தாண்டிக் கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் நகரத்துப் பிள்ளைகள். பேச்சு ஆளுக்கொரு விதம். கொப்பியில் புள்ளி இல்லாத விஷயத்தில் மட்டும் நல்ல ஒற்றுமை.

எந்த இலக்கணத்தைத் தொடங்கினாலும் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்: "ரீச்சர், இதுக்கு எத்தினை மாக்ஸ்?" நியாயமான கேள்விதான். சாதாரண தரத்தில் தாய்மொழி சித்தியடையாமல் உயர்தரத்துக்குப் போக ஏலாது. புள்ளியைக் கணக்குப் பார்க்கிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முற்றுப்புள்ளிக்கு இத்தனை புள்ளி என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிவதில்லை. கட்டுரை, கடிதம், சுருக்கம் என்று பிள்ளை எழுதும் எல்லாவற்றுக்குள்ளும் அது கலந்திருக்கிறது.

எனக்கு இதில் ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. தமிழில் நிறுத்தக்குறியை இலக்கணத்திலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக வைத்ததுதான் கோளாறு. நம்முடைய மொழியில் குறி செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை உருபும் எச்சமும் இடைச்சொல்லும் ஏற்கனவே செய்து முடித்துவிடுகின்றன. குறிக்கு மிஞ்சியிருப்பது கொஞ்ச வேலைதான். அந்தக் கொஞ்சம் எங்கே என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமென்றால், உருபும் எச்சமும் என்ன செய்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும்.

பழைய ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காற்புள்ளி முற்றுப்புள்ளி இருக்கட்டும், மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியே பல ஏடுகளில் இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. எகரத்தையும் ஏகாரத்தையும் எழுத்து வடிவத்திலேயே இப்போதுபோல் பிரித்துக் காட்டும் முறை, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு வந்தது. இத்தனை இடைஞ்சலோடும் நூற்றுக்கணக்கான வருடங்கள் ஏடு வாசித்தார்கள், பிரதி எடுத்தார்கள், உரை எழுதினார்கள். செய்யுளுக்கு ஓசை கைகொடுத்தது. உரைக்கு 'என்க', 'என்றவாறு', 'எனவே', 'ஆகலின்' போன்ற சொற்களே வேலி போட்டன.

குறிகள் அச்சோடும் ஐரோப்பியரோடும் வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டுக்காரர்தான், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வசனத்தில் புத்தகம் அடித்தவர். உரத்து வாசித்து விளங்கிய ஏட்டுக்குக் குறி தேவைப்படவில்லை. தனியே இருந்து மௌனமாக வாசிக்கப்போகும் பிள்ளைக்குத் தேவைப்பட்டது. இந்தக் கதையை நான் பாடத்தின் தொடக்கத்தில் சொல்லிவிடுவேன். நிறுத்தக்குறி நன்னூலில் இல்லை என்று கேட்டதும் சில முகங்களில் ஒரு நிம்மதி தெரியும்.

பிறகு ஒரு கொப்பியை எடுப்போம். யாருடையது என்று சொல்லமாட்டேன். போன வருடம் எடுத்தது ஒரு சுற்றுலாக் கட்டுரை. எழுதியிருந்தபடியே தருகிறேன்:

நாங்கள் காலையில் எழும்பி குளித்து சாப்பிட்டு பஸ்சில் ஏறி கன்னியாவுக்கு போனோம் அங்கே ஏழு கிணறுகள் இருந்தது ஒவ்வொரு கிணறுகளிலும் தண்ணீர் ஒவ்வொரு மாதிரி சூடாக இருந்தது பிறகு வாளியால் அள்ளி குளித்தோம் அப்பா நான் இனி வரமாட்டேன் என்று சொன்னார் ஏன் என்று கேட்டேன் சனம் கூட என்று சொன்னார்

இதை ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொல்வேன். ஒரே நிபந்தனை: குறி இருக்கிற இடத்தில் மட்டும்தான் மூச்சு விடலாம். அவனும் வீரத்தோடு தொடங்குவான். இரண்டாவது கிணற்றடிக்கு வரும்போது குரல் மெலியும், 'வாளியால் அள்ளி'யில் முகம் சிவக்கும், வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிடும். மத்தியானம் கச்சான் காற்று புழுதியை அள்ளி வந்து யன்னலுக்குள்ளால் கொட்டுகிற நேரத்தில் தூங்கி வழிகிற வகுப்பும் இதற்கு எழும்பிவிடும்.

சிரித்து முடிந்ததும் நான் புள்ளி வைக்கச் சொல்வதில்லை. வினைமுற்றுகளுக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். போனோம். இருந்தது. இருந்தது. குளித்தோம். சொன்னார். கேட்டேன். சொன்னார். 'வரமாட்டேன்' என்பதற்கும் சிலர் கோடு போடுவார்கள். அது பேச்சுக்குள் இருக்கிற முற்று, அதற்குப் பிறகு வருவோம் என்று நிறுத்திவைப்பேன். மற்ற ஏழுக்கும் பக்கத்தில் புள்ளியை வைத்தால் பத்தி தானாக ஏழு வசனமாகப் பிரிந்து நிற்கிறது. தமிழில் வினை கடைசியில் வந்து நிற்பது பிள்ளைகளுக்குப் பெரிய கொடை. வினைமுற்று எங்கே, புள்ளி அங்கே. பெயர்ப் பயனிலையில் முடிகிற வசனங்களுக்கு இது போதாது. "இது எங்கள் துறைமுகம்" என்பதில் கோடு போட வினை ஏது? அவை குறைவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கோடு போட்ட வினைகளை ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்வேன். 'கிணறுகள் இருந்தது' அங்கேயே மாட்டுப்படும். கிணறுகள் இருந்தன. புள்ளி வைக்கப் போன இடத்தில் எழுவாய் பயனிலை இயைபும் சரியாகிவிடுகிறது. 'ஒவ்வொரு கிணறுகளிலும்' என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். 'ஒவ்வொரு' வந்தால் பின்னால் ஒருமை: ஒவ்வொரு கிணற்றிலும், ஒவ்வொரு மாணவரும். மேடையில் பேசும் பெரிய மனிதர்களே 'ஒவ்வொரு மாணவர்களும்' என்றுதான் தொடங்குகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னது. சொன்னது உண்மைதான், நான் என்ன செய்ய?

முதல் வசனத்துக்குள் எழும்பி, குளித்து, சாப்பிட்டு, ஏறி என்று நான்கு வினையெச்சங்கள் வரிசையாக நிற்கின்றன. காற்புள்ளி இங்கேதான் தேவை. எச்சம் என்றாலே இன்னும் முடியவில்லை என்பதுதான். வாசிப்பவர் அடுத்த வினைக்குக் காத்திருக்கிறார். ஆகவே அங்கே முற்றுப்புள்ளி வரவே வராது, வேண்டுமானால் காற்புள்ளி வரலாம். 'வேண்டுமானால்' என்று நான் சொல்வது பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. வருமா வராதா, ஒன்றைச் சொல்லுங்கோ என்பார்கள். "போய்ப் பார்த்து வந்தான்" என்பதில் காற்புள்ளி வேண்டாம். நீளமான எச்சத் தொடர்கள் நாலைந்து அடுத்தடுத்து வந்தால் வேண்டும். இடையில் உள்ளதெல்லாம் காதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியவை. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று பழைய ஆசிரியர்கள் கணக்குச் சொல்வார்கள். கண்ணிமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. நான் அதைப் பாடமாக்கச் சொல்வதில்லை, விரல் நொடித்து வாசிக்கச் சொல்வதுண்டு.

காற்புள்ளிக்கு நான் கண்ட நல்ல பாடப்புத்தகம் தினப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம்தான். முதல்முறை அதை வெட்டிக்கொண்டு போனபோது ஆசிரியர் அறையில் ஒருவர், "வேற ஒண்டும் கிடைக்கேல்லையா? பள்ளிக்கூடத்துக்க இதைக் கொண்டுவாறீங்க" என்றார். கிடைக்கவில்லை என்பதுதான் பதில். பதினைந்து வயதுப் பிள்ளை தன் வீட்டில் தவறாமல் காணும் மிக நீண்ட தமிழ் வசனம் அது. பெயர்களை மாற்றித் தருகிறேன்:

"அன்னார் காலஞ்சென்ற கந்தையா, செல்லம்மா தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை, இராசம்மா தம்பதிகளின் அன்பு மருமகனும், பரமேஸ்வரியின் அன்புக் கணவரும், சுதன், சுமதி, சுகந்தி ஆகியோரின் பாசமிகு தந்தையும், கண்ணனின் அன்பு மாமனாரும் ஆவார்."

முதலில் வினைமுற்று. தேடிக்கொண்டு போனால் கடைசிச் சொல்தான், 'ஆவார்'. எழுவாய் முதற்சொல், 'அன்னார்'. இரண்டுக்கும் இடையில் ஒரு குடும்பமே நிற்கிறது, வசனம் உடையவில்லை. உடையாமல் தாங்குவது எது? காற்புள்ளி என்பார்கள். அழித்துவிட்டு வாசித்துப் பார்க்கச் சொல்வேன். கொஞ்சம் தடுக்கும், ஆனால் விளங்கும். பிறகு மகனும், மருமகனும், கணவரும், தந்தையும், மாமனாரும் என்ற ஐந்து 'உம்'மையும் எடுத்துவிட்டுக் காற்புள்ளியை மட்டும் வைத்து வாசிக்கச் சொல்வேன். செல்லம்மா யார், சுதன் யார், செத்தவர் யார் என்று ஒன்றும் பிடிபடாது.

'உம்' இருந்தால் காற்புள்ளி வேண்டாம் என்பது பொது விதி. அண்ணனும் தம்பியும் அக்காவும் வந்தார்கள்; அண்ணன், தம்பி, அக்கா ஆகியோர் வந்தார்கள். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை. ஆங்கிலப் பாடத்திலிருந்து எழும்பி வருகிற பிள்ளைகள் 'அண்ணனும், தம்பியும்' என்று இரண்டையும் போடுவார்கள். அப்படியானால் மரண அறிவித்தலில் ஏன் இரண்டும் இருக்கிறது? ஒவ்வோர் 'உம்'முக்குள்ளும் ஒரு நீண்ட தொடர் இருக்கிறது, அதற்குள் வேறு பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதனால். உண்மையில் இதுதான் அரைப்புள்ளிக்குப் பிறந்த இடம். உள்ளே பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி, வெளியே உறவுகளுக்கு நடுவே அரைப்புள்ளி. நாவலர் காலத்து வசனத்தில் அரைப்புள்ளி தாராளமாக வரும். இப்போது பரீட்சை அட்டவணைக்கு வெளியே அதைக் காண்பது அரிது. நான் அதைக் கண்டால் அடையாளம் தெரிய வேண்டும் என்ற அளவோடு விட்டுவிடுகிறேன். சரியாகப் போடத் தெரியாத அரைப்புள்ளியைவிட இரண்டு சின்ன வசனம் மேல்.

அப்புறம் அந்தக் கேள்வி. செல்லம்மா இருக்கிறாவா, இல்லையா?

வகுப்பு இரண்டாகப் பிரியும். 'காலஞ்சென்ற கந்தையா' என்றபிறகு காற்புள்ளி வந்துவிட்டது, ஆகவே கந்தையா மட்டும்தான் காலமானவர் என்று ஒரு கட்சி. அது பெயர்களைப் பிரிக்கும் காற்புள்ளி, 'காலஞ்சென்ற' இரண்டு பேருக்கும் பொது என்று மற்றக் கட்சி. பிறகு யாராவது ஒரு பிள்ளையின் கண் அடுத்த தொடருக்குப் போகும். அங்கே 'காலஞ்சென்றவர்களான' என்று இருக்கிறது. பெயரெச்சத்துக்கு ஒருமை பன்மை கிடையாது. வந்த பையன், வந்த பையன்கள், இரண்டுக்கும் ஒரே 'வந்த'தான். ஆகவே 'காலஞ்சென்ற' என்பதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் என்று தீர்மானிக்க முடியாது, காற்புள்ளியாலும் முடியாது. அறிவித்தல் எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ கண்டு, இரண்டு பேருமே இல்லையென்றால் 'காலஞ்சென்றவர்களான' என்று பன்மைப் பெயராக்கி எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தின்படி செல்லம்மா உயிரோடு இருக்கிறார். "அப்ப அந்த ஆச்சி மகன்ர செத்தவீட்டில இருக்கிறா, என்ன ரீச்சர்?" என்று முன்வாங்குப் பிள்ளை ஒன்று கேட்டது. ஓம் என்றேன். பன்மை விகுதிக்கு இவ்வளவு கவனம் என் வகுப்பில் வேறெப்போதும் கிடைத்ததில்லை.

கிண்ணியாப் பையன் ஒருவன், தங்கள் ஊரில் ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் முதலில் வரும், அதில் கமா எங்கே போடுவது என்று கேட்டான். சொல்லிக்காட்டச் சொன்னோம். இன்னாரின் மகனும், இன்னாரின் சகோதரருமான என்று அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, பக்கத்தில் இருந்தவன் அவன் மூச்சு விட்ட இடமெல்லாம் கரும்பலகையில் கோடு போட்டான். கோடெல்லாம் 'உம்'முக்குப் பின்னால்தான் விழுந்தது.

நிறுத்திவைத்த 'வரமாட்டேன்' இருக்கிறதே, அதற்கு வருவோம். "அப்பா நான் இனி வரமாட்டேன் என்று சொன்னார்." இதில் அதிகம் குழப்பமில்லை, பெரும்பாலும் அப்பாதான் வரமாட்டார். சொற்களை மாற்றிப் போட்டால் கதை வேறு: "நான் வரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்." யார் வராதது? அப்பா தன்னைப் பற்றிச் சொன்னாரா, அல்லது யாரோ வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட, அப்பா என் சார்பில் மறுத்துவிட்டாரா? இரண்டுக்கும் இந்த வசனம் இடம் கொடுக்கிறது. மேற்கோட்குறி போட்டு, "நான் வரமாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார் என்றால் வராதவர் அப்பா. 'நான்' என்பதைத் 'தான்' ஆக்கினாலும் அதே தீர்ப்புத்தான். நேர்கூற்று, அயற்கூற்றுப் பாடத்தை நான் இந்த இடத்தில்தான் நடத்துகிறேன். தமிழில் 'என்று' இருப்பதால் முக்கால்வாசி இடங்களில் மேற்கோட்குறி இல்லாமலே காலம் தள்ளலாம். பேச்சு எங்கே முடிகிறது என்று 'என்று' சொல்லிவிடும். எங்கே தொடங்குகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தொடக்கத்தைக் காட்டத்தான் குறி.

அப்பா என்ற சொல்லை விளியாக்கிப் பார்த்தால் இன்னொரு விளையாட்டு. "அப்பா, நான் இனி வரமாட்டேன்" என்று அழுகிற பிள்ளைக்கு அந்தக் காற்புள்ளி கட்டாயம் வேண்டும்.

வினாக்குறியிலும் 'என்று'தான் பிள்ளைகளைத் தடுக்கி விழுத்துகிறது. 'ஏன் நேற்று வரவில்லை என்று ஆசிரியர் கேட்டார்?' கொப்பிக்குக் கொப்பி இதைக் காணலாம். 'ஏன்' கண்ணில் பட்டதும் கை வினாக்குறிக்குப் போய்விடுகிறது. வினைமுற்றைக் கேள் என்பேன். 'கேட்டார்' என்பது நடந்ததைச் சொல்கிறது, எதையும் கேட்கவில்லை. வினாக்குறி வேண்டுமென்றால் மேற்கோளுக்குள் போட்டுக்கொள்: "ஏன் நேற்று வரவில்லை?" என்று ஆசிரியர் கேட்டார். உணர்ச்சிக்குறியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மூன்று மூன்றாகப் போடாதே, அவ்வளவுதான்.

வலி மிகுதலை, அதாவது க, ச, த, பவில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் அதே ஒற்றுச் சேர்வதை, பிள்ளைகள் பேயைப் போலப் பார்க்கிறார்கள். "இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்" என்ற நன்னூல் வரியை ஒப்புவிக்கும் பிள்ளை, 'கன்னியாவுக்கு போனோம்' என்று எழுதிவிட்டுப் போகிறது. சூத்திரம் ஒரு பெட்டியில், வசனம் வேறு பெட்டியில். முழுப் பட்டியலையும் தரம் 10இல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாலு இடம் போதும். 'ஐ' உருபுக்குப் பின்: மானைப் பார்த்தேன். 'கு' உருபுக்குப் பின்: கோட்டைக்குப் போனேன். அந்த, இந்த, எந்தவுக்குப் பின்: அந்தக் கடை. எடுத்து, கேட்டு, ஓடி, பார்க்க போன்ற எச்சங்களுக்குப் பின்: எடுத்துக் கொடுத்தான், ஓடிப் போனான், பார்க்கப் போனான். 'வந்து போனான்', 'செய்து கொடுத்தான்' ஏன் மிகவில்லை என்று கேட்கிற பிள்ளைக்கு வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர்க் குற்றியலுகரம் எல்லாம் சொல்வேன். கேட்காத பிள்ளையை அதற்குள் இழுக்கமாட்டேன். இந்த நாலும் சரியாக விழுந்தால் ஒரு கட்டுரையின் ஒற்றுப்பிழைகளில் மிகப் பெரும்பகுதி போய்விடும்.

ஒற்றுக்கும் காற்புள்ளிக்கும் உள்ள உறவை எந்த அட்டவணையிலும் நான் காணவில்லை, ஆனால் வகுப்பில் அதுதான் நன்றாக வேலை செய்கிறது. ஒற்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறது, காற்புள்ளி பிரிக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நிற்காது. 'எடுத்துக் கொடுத்தான்' என்றால் ஒரே மூச்சு. 'எடுத்து, கொடுத்தான்' என்றால் எடுத்தது ஒரு வேலை, கொடுத்தது இன்னொரு வேலை. 'வீட்டுக்குப், போனான்' என்று எழுதும் பிள்ளை இரண்டையும் சேர்த்துக் கட்டப் பார்க்கிறது. வாசித்துக் காட்டச் சொன்னால் 'ப்' என்று உதட்டை மூடிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதை ஒருமுறை செய்த பிள்ளை மறுபடி அப்படி எழுதாது. 'மருந்து கடை' என்று பெயர்ப்பலகை வைத்தால் மருந்தைக் கடை என்று ஏவுகிறார்கள், 'மருந்துக்கடை' என்றால்தான் உள்ளே போகலாம் என்பது பழைய வகுப்பறைப் பகிடி. பிள்ளைகள் பஸ்சிலிருந்தபடியே பலகைகளில் ஒற்றைத் தேடத் தொடங்கினால் ஒரு கிழமைக்கு அதே கதைதான்.

அப்படித் தேடப் போனவர்கள் ஒருநாள் பெரிய பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "ரீச்சர், எங்கட ஊர்ப் பேரிலேயே 'க்' இல்லையே?" திருக்கோயில், திருக்குறள், திருக்கேதீச்சரம். அந்த விதிப்படி திருக்கோணமலை. அரச பலகைகளிலும் கடிதத் தலைப்புகளிலும் பெரும்பாலும் திருகோணமலை. ஊர்ப் புலவர்களும் கோயில்காரரும் ஒற்றை விடாமல் எழுதுவார்கள். சம்பந்தர் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாடியதால் மலையின் பெயர் கோணமலை, அதற்கு முன்னால் 'திரு' அடைமொழி, ஆகவே மிகும் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் சொன்னது வேறு. அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினால் அலுவலகம் எழுதுகிறபடி எழுது. கட்டுரையில் எதை வேண்டுமானாலும் எழுது, ஆனால் முதற்பத்தியில் ஒன்று, கடைசிப் பத்தியில் இன்னொன்று என்று எழுதாதே. இந்தக் கட்டுரையில் நான் ஒற்றில்லாமல் எழுதியிருப்பது பலகைப் பழக்கத்தால்தான்.

திருத்துகிற விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். நாற்பது கொப்பியிலும் எல்லாப் பிழையையும் சிவப்பால் சுழித்துக் கொடுத்தால் பிள்ளை கொப்பியைத் திறக்காமலே மூடிவிடும். ஒரு கிழமைக்கு ஒரு பிழை. இந்தக் கிழமை வினைமுற்றும் புள்ளியும் என்றால், ஒற்று விட்டுப்போயிருந்தாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன். இது சோம்பல் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். பிழையைக் காணாத ரீச்சர் என்று ஒரு தாய் நேரேயே சொல்லியிருக்கிறா. அவர் மகனின் கொப்பியில் புள்ளிகள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன, அதைக் காட்டினேன். அவ ஒற்றைக் காட்டினா. இருவரும் சரிதான்.

கைப்பேசியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. என்னுடைய பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், மீதிப்பேர் குரலை அனுப்புகிறார்கள். சிலர் குரலைக் கொடுத்துத் தமிழ் எழுத்தாக்கி அனுப்புகிறார்கள். எழுத்துப்பிழை அதில் ஆச்சரியமாகக் குறைவு, 'ள'வும் 'ழ'வும்கூடச் சரியாக விழுகின்றன. புள்ளி மட்டும் வருவதில்லை. பத்து வரி வந்தாலும் கன்னியாக் கட்டுரைபோல ஒரே ஓட்டம். இதைக் குறையாகச் சொல்லப்போவதில்லை, எனக்கு இது வசதி. வீட்டில் அம்மம்மாவிடம் ஒரு பழைய கதை கேட்டு, அதைக் குரலால் எழுத்தாக்கி, குறிகளை மட்டும் கையால் போட்டுக்கொண்டு வா என்று வீட்டுவேலை கொடுக்கலாம். பேச்சுத் தமிழில் இருப்பதால் பிள்ளைக்கு எழுத்துப் பயமில்லை. அம்மம்மா எங்கே நிறுத்தினா என்று காதில் இருக்கிறது. 'எண்டு' எங்கே வருகிறதோ அங்கே மேற்கோள் மூடுகிறது. மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலைக்கு வந்த கதையை ஒரு பிள்ளை இப்படி எழுதிக்கொண்டு வந்தது. மேற்கோள் திறக்கிற இடங்களில் மட்டும் இரண்டு மூன்று பிசகு, மற்றதெல்லாம் சரி. பரீட்சைக் கட்டுரையில் அதே பிள்ளை அப்படி எழுதியிருந்ததா என்று கேட்காதீர்கள்.

பரீட்சைக்கு நான் சொல்லிவிடுவது ஒரு வரிசை. குறியில்லாத பத்தி கொடுத்துக் குறியிடச் சொன்னால் காற்புள்ளியில் தொடங்காதே. முதலில் வினைமுற்றுகளைத் தேடி முற்றுப்புள்ளிகளை வை. அடுத்து 'என்று', 'என' எல்லாவற்றையும் வட்டம் போட்டு, அவற்றிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பேச்சுத் தொடங்கும் இடத்தைப் பிடி. அதற்குள் கேள்வி இருந்தால் அங்கேயே வினாக்குறி. காற்புள்ளி கடைசி. எச்ச வரிசை, பெயர்ப் பட்டியல், விளி மூன்றையும் பார், சந்தேகமான இடத்தில் போடாமல் விடு. அதன்பிறகும் நேரம் மிஞ்சினால் கட்டுரைப் பக்கத்தைத் திருப்பி 'ஒவ்வொரு' எங்கெங்கே வந்திருக்கிறது என்று தேடு.